‘சங்கடம்’: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

கொழும்பு06 கேட்கிறார்:

வணக்கம். ஓர் அலுவலகத்தின் ஊழியர் கைநூல் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருகிறது. மூலத்தில் ‘ஓக்வர்ட்’ என்ற ஒரே சொல் ஐந்து இடத்தில் நிற்கிறது. முதல் வரைவில் ஐந்து இடத்திலும் ‘சங்கடம்’ என்றே விழுந்திருக்கிறது. வாசித்தால் ஓரிடத்தில் சிரிப்பு வருகிறது, ஓரிடத்தில் கோபம் வருகிறது. ஏன் என்றுதான் பிடிபடவில்லை. வசனங்கள் இவை:

1. நேர்முகப் பரீட்சையில் விண்ணப்பதாரரிடம் சங்கடமான கேள்விகளைக் கேட்கக்கூடாது.
2. கூட்டத்தில் சங்கடமான மௌனம் ஏற்பட்டால் தலைவர் அடுத்த விடயத்துக்குச் செல்ல வேண்டும்.
3. பெட்டிகளைச் சங்கடமான தோரணையில் தூக்க வேண்டாம்.
4. சக ஊழியரின் நடத்தை உங்களைச் சங்கடப்படுத்தினால் முறையிடுங்கள்.
5. முறையிடுவதற்குச் சங்கடமாக இருந்தால் எழுத்தில் தரலாம்.

வாசிக்கப்போகிறவர்களில் யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், முஸ்லிம்கள், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். கூச்சம், வெட்கம், தர்மசங்கடம், அசௌகரியம், அந்தரம் என்று ஒரு குவியல் சொற்கள் மேசையில் கிடக்கின்றன. எதை எங்கே வைப்பது?

பிழைதிருத்தி:

சிரிப்பு 3இல் வந்திருக்கும், கோபம் 4இல். 4 கொஞ்சம் பாரமான விடயம், அதைத் தெரிந்தவர் யாராவது தனியாக எடுக்கட்டும். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

வடமொழியின் ‘ஸங்கட’ தான் தமிழில் சங்கடம் ஆனது. அங்கே அதன் அடிப்பொருள் ஒடுக்கம், இட நெருக்கம், ஒடுங்கிய வழி. வழி ஒடுங்கினால் ஆபத்து, ஆபத்தென்றால் துன்பம் என்று பொருள் நகர்ந்தது. இந்தியில் ‘சங்கட்’ இன்றைக்கும் ஆபத்தும் நெருக்கடியும்தான். மலையாளத்தில் சங்கடம் என்றால் மனத்துயரம். தமிழிலும் துன்பம் என்ற பொருள் இன்னும் போய்விடவில்லை. தேய்பிறைச் சதுர்த்திக்குப் பிள்ளையார் கோயில் அறிவித்தல் பலகையில் ‘சங்கடஹர சதுர்த்தி’ என்று எழுதுகிறார்களே, அந்தச் சங்கடம் வாழ்க்கையில் வருகிற இடையூறு. நாலு பேர் நடுவில் நெளிகிற சங்கடத்தைத் தீர்க்க யாரும் மோதகம் படைப்பதில்லை.

ஒடுங்கிய வழி என்ற பொருளைப் பிடித்துக்கொண்டால் இன்றைய பாவனையும் விளங்கிவிடும். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் இரண்டு கார் எதிரெதிரே வந்து நிற்கிறது என்று வையுங்கள். இரண்டுக்கும் பின்னால் முச்சக்கரவண்டிகள். யாரிலும் பிழையில்லை. ஆனால் விலகவும் ஏலாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கவும் ஏலாது. சங்கடம் அந்த இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிறது. கடன் கேட்டு வந்த சொந்தக்காரர் முன்னால், பெயர் மறந்துபோன பழைய ஆசிரியர் முன்னால், சம்பளம் கேட்கிற வேலைக்காரர் முன்னால் வருவது இதுதான். நிலைமை ஒடுங்குகிறது, உள்ளே நிற்கிறவர் நெளிகிறார்.

கூச்சம் வேறு. அது உடம்பிலிருந்து வருகிற சொல். வெயில் பட்டால் கண் கூசும், புளிமாங்காய் கடித்தால் பல் கூசும், அக்குளில் விரல் பட்டால் உடம்பு கூசும், பொய் சொல்ல நாக் கூச வேண்டும். ஏதோ ஒன்று அளவுக்கு மிஞ்சிப் பட்டவுடன் பின்வாங்குவது கூச்சம். மற்றவர் பார்வையும் அப்படிப் பட்டால் ‘கூச்சமா இருக்கு’ என்கிறோம். அது ஆளுடைய சுபாவமாகவும் இருக்கலாம்: ‘கூச்ச சுபாவம்’ உண்டு. ‘சங்கட சுபாவம்’ என்று ஒன்று இல்லை. எந்தச் சொல்லைப் போடுவது என்று தடுமாறினால் ‘சுபாவம்’ சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் அது ஆளைப் பற்றியது, சேராவிட்டால் நிலைமையைப் பற்றியது.

இனி வசனத்தில் எப்படி நிற்கும் என்பது. இதில்தான் மொழிபெயர்ப்புகள் அதிகம் வழுக்குகின்றன.

‘எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்றால் அந்த நேரத்து நிலை. ‘நான் சங்கடப்படுகிறேன்’ என்றால் கஷ்டப்படுகிறேன் என்ற பழைய பொருளின் வாடை வந்துவிடும். ‘அவர் பிள்ளைகளைப் படிப்பிக்கச் சங்கடப்படுகிறார்’ என்பதை வாசிக்கிறவர் பணக்கஷ்டம் என்றுதான் எடுப்பார். ஆகவே அந்த நேரத்து உணர்வுக்கு ‘எனக்கு… ஆக இருக்கிறது’ என்ற அமைப்பே பாதுகாப்பு. எதிர்மறையில் இந்தத் தொல்லை இல்லை. ‘சங்கடப்படாமல் கேளுங்கோ’ என்பது நல்ல தமிழ்.

பன்மையிலும் கவனம். ‘சங்கடம்’ ஒருமையில் நின்றால் நெளிவு. ‘சங்கடங்கள்’ என்று பன்மையாக்கிய உடனே சொல் கோயில் பலகைக்குத் திரும்பிப் போய்விடுகிறது: சங்கடங்கள் நீங்கும், தீரும், விலகும். ‘கூட்டத்தில் ஏற்பட்ட சங்கடங்கள்’ என்று எழுதினால் மின்சாரம் போனது, கதிரை போதாமல் வந்தது மாதிரி இருக்கும்.

‘சங்கடமாக’ என்று வினையோடு சேர்க்கும்போது முகமும் குரலும் செய்கிற வேலைகளோடுதான் ஒட்டும். சங்கடமாகச் சிரித்தார், சங்கடமாகப் பார்த்தார், சரி. சங்கடமாக நடந்தார், சங்கடமாகத் தூக்கினார், சங்கடமாகப் பந்தை எறிந்தார், ஒன்றும் ஒட்டாது. கைகாலின் நயமின்மைக்குத் தமிழில் தட்டுத்தடுமாறி, கோணல்மாணலாக, இசகுபிசகாக என்று வேறு வரிசையே இருக்கிறது. உங்கள் 3ஆம் வசனம் சிரிப்பை வரவழைப்பது இதனால்தான். போதாததற்குத் ‘தோரணை’ வேறு. தோரணை என்றால் மிடுக்கு. பெட்டி தூக்குகிறவர் மீசையை முறுக்கிக்கொண்டு வெட்கப்படுகிற காட்சி வந்து நிற்கிறது.

அங்கே மூலம் சொல்வது உடலை வருத்துகிற நிலைகளை. ஒற்றைச் சொல் தேடாமல் என்னென்ன நிலை என்று எழுதிவிடுங்கள்: ‘முதுகை வளைத்தோ, இடுப்பை முறுக்கியோ, கையை எட்ட நீட்டியோ பெட்டியைத் தூக்க வேண்டாம். முழங்காலை மடித்து, பெட்டியை உடம்போடு அணைத்துக்கொண்டு எழும்புங்கள்.’ களஞ்சியத்தில் வேலை செய்கிறவருக்கு அதுதான் பிரயோசனம். ‘பிழையான உடல்நிலையில் தூக்க வேண்டாம்’ என்று சுருக்கப் பார்க்காதீர்கள். உடல்நிலை என்றால் சுகம், சுகவீனம். காய்ச்சலோடு தூக்க வேண்டாம் என்று ஆகிவிடும்.

(பழைய அகராதிகளைப் புரட்டினால் சங்கடம் என்பதற்கு இரண்டு தோணியைப் பிணைத்து மேலே பலகை அடித்த ஓடம் என்றும் ஒரு பொருள் கிடைக்கும், இலங்கையில் ஆறு கடக்க ஏறுகிற நம்முடைய ‘பாதை’ மாதிரி. அது வேறு சொல். மலையாளத்தில் ‘சங்ஙாடம்’, போர்த்துக்கேயர் எடுத்துப்போய் ‘ஜங்காடா’ ஆக்கினார்கள். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சந்திப்பேச்சு:

மேலே சொன்னது எழுத்துத் தமிழ். வாயால் கதைக்கிறபோது கொழும்பில் ‘சங்கடம்’ அவ்வளவு வராது. வருவது ‘ஒரு மாதிரி’. ‘அவர் அப்பிடிக் கேட்டது எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு’ என்றால் சங்கடம், கொஞ்சம் மனத்தாங்கல், கொஞ்சம் கூச்சம் எல்லாம் சேர்ந்தது. ஆனால் கைநூலில் போட வராது, ஏனென்றால் அதற்குப் பக்கத்தில் நிற்கிற சொல்லைப் பொறுத்துப் பொருள் குத்துக்கரணம் அடிக்கும். ‘ஒரு மாதிரி முடிச்சிட்டம்’ என்றால் எப்படியோ முடித்துவிட்டோம். ‘ஒரு மாதிரியான ஆள்’ என்றால் அவரோடு கவனமாக இருங்கோ. ‘ஒரு மாதிரிப் பாத்தான்’ என்றால் பார்வையே சரியில்லை.

‘அந்தரம்’ பட்டியலில் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தாருக்கு அது தினப்படிச் சொல்: ‘அந்தரப்படாதை’ என்றால் அவசரப்படாதே, பதறாதே. ‘ஆபத்து அந்தரத்துக்கு உதவும்’ என்றால் இக்கட்டான நேரத்துக்கு. ‘தெரியாத ஆக்களுக்க இருக்க அந்தரமாக் கிடக்கு’ என்கிறபோது அது நீங்கள் தேடுகிற பொருளுக்கு நன்றாகக் கிட்ட வருகிறது, உண்மைதான். ஆனால் எழுத்தில் பார்க்கிற மற்றவர்களுக்கு அந்தரம் என்றால் ஆகாயம், கயிற்றில் தொங்குவது. ‘முறையிடுவதற்கு அந்தரமாக இருந்தால்’ என்று போட்டால் ஒருவர் தயக்கம் என்று எடுப்பார், இன்னொருவர் அவசரம் என்று எடுத்து உடனே தொலைபேசி எண்ணைத் தேடுவார். வைத்தியசாலையிலும் இதே கதை. நோயாளி ‘நெஞ்சு அந்தரமா இருக்கு’ என்றால் நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது, நிம்மதியில்லை என்பது. உரைபெயர்ப்பவர் அதை அவசரம் என்று சொன்னால் மருத்துவர் எதை விசாரிப்பது?

‘சங்கடம்’ என்பதிலும் ஒரு பிரிவு இருக்கிறது. ‘அவனைப் பார்க்கச் சங்கட்டமா இருந்துச்சு’ என்று தமிழ்நாட்டுப் பேச்சில் வந்தால் பெரும்பாலும் பரிதாபம், மனவருத்தம். யாழ்ப்பாணத்தார் அதே இடத்தில் ‘பாவமாக் கிடந்துது’ என்பார்கள். அதனால் ‘பார்க்க’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சங்கடத்தை வைக்காமல் இருப்பது நல்லது. ‘கேட்க’, ‘சொல்ல’, ‘மறுக்க’ என்பவற்றோடு வைத்தால் எல்லாருக்கும் ஒரே பொருள்தான்.

மும்மொழிமேசை:

4ஆம் வசனத்தை நான் எடுக்கிறேன். அதற்கு முன் சிங்களம், ஏனென்றால் கொழும்பில் தமிழ்ப் பிரதி பல நேரம் சிங்களப் பிரதியோடு ஒப்பிட்டுத்தான் போகும்.

சிங்களத்தில் ‘அபஹசுதாவய’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. நீர்வெட்டு அறிவித்தலில் வருகிற ‘அபஹசுதாவய’ தமிழில் அசௌகரியம் அல்லது வசதியீனம். ஒருவரைக் கேள்வி கேட்டு ‘அபஹசுதாவயட்ட பத்’ ஆக்குவது தமிழில் சங்கடத்துக்குள்ளாக்குவது. சிங்களத்தைப் பார்த்து எழுதுகிறவர் இரண்டுக்கும் ‘அசௌகரியம்’ போட்டுவிடுகிறார். ‘பேச்சாளரை அசௌகரியத்துக்கு உள்ளாக்கிய கேள்வி’ என்ற மாதிரி வசனங்கள் பிறப்பது இப்படித்தான். கேள்வி அவரை வெயிலில் நிற்க வைத்ததா, தண்ணீரை நிறுத்தியதா? சௌகரியம் என்பதன் வேர் ‘எளிதாகச் செய்யக்கூடியது’. அதன் எதிர்ச்சொல் பாதை மூடல், மின்வெட்டு, வரிசை, பழுதடைந்த மின்தூக்கி இவற்றுக்குத்தான். முகத்துக்கு அல்ல. அதே மாதிரி மறுபக்கம் ‘நீர்விநியோகத் தடையால் ஏற்படும் சங்கடத்துக்கு வருந்துகிறோம்’ என்றால், தண்ணீர் வராததற்குப் பாவனையாளர் ஏன் நெளிய வேண்டும்?

‘லஜ்ஜாவ’ இன்னொரு பொறி. பேச்சுச் சிங்களத்தில் ‘லஜ்ஜய்’ என்பது கூச்சத்துக்கும் வரும், மானக்கேட்டுக்கும் வரும். தமிழில் வெட்கமும் இப்படி இரண்டு பக்கமும் போகும் சொல்தான்: ‘வெக்கப்படாமச் சாப்பிடுங்கோ’ என்பது உபசாரம், ‘வெக்கங்கெட்டவன்’ என்பது வசை. ‘லஜ்ஜாவ’ வந்த இடமெல்லாம் வெட்கத்தைப் போட்டால் உபசாரம் எங்கே, வசை எங்கே என்று வாசிக்கிறவர் தடவ வேண்டியிருக்கும்.

இப்போது 4. உங்களுக்குக் கோபம் வந்தது சரி. அந்த வசனம் எதைப் பற்றியது என்று மூலத்தில் பாருங்கள். கூட்டத்தில் ஒருவர் உங்கள் உச்சரிப்பைத் திருத்தியதைப் பற்றியா, அல்லது தொடுவது, உடம்பைப் பற்றிப் பேசுவது, இரட்டை அர்த்தத்தில் கதைப்பது, வேண்டாத படம் அனுப்புவது பற்றியா? இரண்டாவது என்றால் ‘சங்கடப்படுத்தினால்’ என்பது குற்றத்தைப் பஞ்சில் சுற்றித் தருவது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தோடு, பாலியல் தொந்தரவைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் சொல்லாலோ செயலாலோ செய்வதும் அதற்குள் வரும். சட்டம் குற்றம் என்று சொல்கிற ஒன்றைக் கைநூல் சங்கடம் என்று சொன்னால், முறைப்பாடு செய்ய வருகிறவர் ‘இது வெறும் சங்கடம்தானே, பொறுத்துப் போவோம்’ என்று திரும்பிவிடுவார்.

மேலே ஒழுங்கை உதாரணத்தில் ‘யாரிலும் பிழையில்லை’ என்று இருக்கிறதல்லவா? சங்கடத்தின் அந்தக் குணம்தான் இங்கே ஆகாதது. சங்கடத்தில் செய்தவர், பட்டவர் என்று பிரிவு இல்லை. தொந்தரவில் உண்டு.

‘வெட்கப்பட வைத்தால்’ என்று சிலர் மாற்றுகிறார்கள். அது இன்னும் மோசம், பாதிக்கப்பட்டவர் தலையில் வெட்கத்தை ஏற்றுகிறது. ‘மனம் புண்பட்டால்’ என்பது வாய்த்தர்க்கத்துக்குச் சரி, இதற்குக் காணாது. என் பரிந்துரை வசனத்தை இரண்டாக வெட்டுவது: ‘சக ஊழியரின் பேச்சோ நடத்தையோ உங்களுக்கு விருப்பமில்லாததாக இருந்தால் முறையிடலாம். பாலியல் தொந்தரவு சட்டப்படி குற்றம்.’ ‘விருப்பமில்லாதது’ என்பதுதான் இங்கே அளவுகோல். சங்கடம் வந்ததா இல்லையா என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை.

நற்றமிழ்நாடி:

இத்தனை நுணுக்கம் எதற்கு? சங்கடம் வடசொல். ‘இக்கட்டு’ என்று தமிழிலேயே எழுதலாமே. தர்மசங்கடத்துக்கு ‘அறச்சிக்கல்’.

பிழைதிருத்தி:

இக்கட்டு நல்ல சொல், ஆனால் அதன் எடை வேறு. கடன் தவணை தப்பியது, கடவுச்சீட்டு தொலைந்தது, கடைசி பஸ் போய்விட்டது, இவை இக்கட்டு. இக்கட்டில் தனியாகவே மாட்டிக்கொள்ளலாம். சங்கடத்துக்கு இன்னொரு முகம் வேண்டும், குறைந்தது மனக்கண்ணிலாவது. ‘சாப்பாடு வேண்டாம் என்று சொல்ல இக்கட்டாக இருந்தது’ என்று யாரும் சொல்வதில்லை. ‘நெருக்கடி’ இக்கட்டையும்விடப் பெரிது, நாட்டுக்கு வருவது. சொல்லமைப்பில் அதுவும் ஒடுக்கத்திலிருந்துதான் கிளம்புகிறது, நெருக்கு என்பதிலிருந்து. ‘சங்கோசம்’ என்பதன் வடமொழி மூலத்துக்கும் சுருங்குதல் என்றே பொருள். இடம் சுருங்கினால் மனம் சுருங்கும் என்பதில் எல்லா மொழியும் ஒன்றாக நிற்கிறது போல.

தர்மசங்கடத்துக்கு ‘அறச்சிக்கல்’ என்பது மூலப்பொருளுக்குப் பொருத்தம். இரண்டு கடமை ஒன்றையொன்று மறிக்கிற இடம் அது. சூதாட்ட சபையில் திரௌபதி நியாயம் கேட்டபோது பீஷ்மர் இருந்த நிலையைத்தான் வழக்கமாகக் காட்டுவார்கள்: ஒருபக்கம் அரசனுக்குக் கட்டுப்பட்ட கடமை, மறுபக்கம் கண்முன் நடக்கும் அநீதி. ஆனால் நடைமுறைத் தமிழ் அந்தச் சொல்லை எப்போதோ இறக்கிவிட்டது. இரண்டு கலியாண வீடு ஒரே முகூர்த்தத்தில் வந்தால் தர்மசங்கடம், முதலாளியும் நண்பரும் ஒரே நேரத்தில் தொலைபேசி எடுத்தால் தர்மசங்கடம். பரவாயில்லை, அங்கேயும் இரண்டு பக்க இழுவை இருக்கிறது. பிழையாவது எந்தச் சங்கடத்துக்கும் ‘தர்ம’ என்று ஒட்டுவது, சாதாரணச் சங்கடம் போதாது என்று நினைத்து. காற்சட்டை கிழிந்தால் சங்கடம். அதில் தர்மம் எங்கே வந்தது? பரீட்சை இது: இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு பிழை மிஞ்சுமா? மிஞ்சினால் தர்மசங்கடம். உங்கள் ஐந்து வசனத்தில் ஒன்றிலும் அது இல்லை.

குறள்வாசி:

யாரும் இன்னும் ‘தாட்சண்யம்’ என்ற சொல்லைத் தொடவில்லை. உங்கள் 1ஆம், 5ஆம் வசனங்களுக்குப் பின்னால் நிற்பது அதுதான். எதிரே இருப்பவர் முகத்தை முறிக்க மனம் வராமல், வேண்டாம் என்று சொல்ல ஏலாமல் போவது தாட்சண்யம். ‘முகத்தாட்சண்யம்’ என்று சேர்த்தும் சொல்வார்கள். சங்கடம் வருமுன் அதைத் தவிர்க்க நாம் கொடுக்கிற விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் வேண்டாம் என்றிருக்க மூன்றாவது கோப்பையைக் குடிப்பது, பிணை நிற்க விருப்பமில்லாமல் கையெழுத்து வைப்பது. குறளின் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம். இன்றைக்குக் கண்ணோட்டம் என்றால் பார்வைக்கோணம், அன்றைக்கு அது தாட்சண்யம். அதன் கடைசிக் குறள், 580, எல்லையைக் காட்டுகிறது: ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்’. பழகியவர் கண்முன்னே நஞ்சை ஊற்றித் தந்தாலும், நாகரிகத்தை விரும்புகிறவர் குடித்துவிட்டு அமைதியாக இருப்பார். வள்ளுவர் அதைப் பெருமையாகச் சொன்னார். கைநூல் எழுதுகிறவர் அதே குணத்தை நினைத்துப் பயப்பட வேண்டும். நேர்முகப் பரீட்சையில் ‘எப்போது கலியாணம்?’ என்று கேட்டால் விண்ணப்பதாரர் பதில் சொல்லிவிடுவார். சம்மதத்தால் அல்ல, தாட்சண்யத்தால்.

ஆகையால் 1இல் ‘சங்கடமான கேள்விகள்’ என்று விட்டால் யாருக்குச் சங்கடம் என்று வாதம் வரும். படிக்காமல் வந்தவருக்குக் கணக்கியல் கேள்வியும் சங்கடம்தான். எந்தக் கேள்வி என்று பெயர் சொல்லுங்கள்: திருமணம், கர்ப்பம், சமயம், சாதி, குடும்ப வருமானம். பேச்சில் இவற்றுக்கு ‘ஏடாகூடமான கேள்வி’ என்போம், அழகான சொல், கைநூலுக்கு ஆகாது. ‘இடக்கான கேள்வி’ என்றும் போட வேண்டாம். இடக்கு வேண்டுமென்றே மடக்குவது. கேட்கிறவர் பெரும்பாலும் அன்பாகத்தான் கேட்கிறார்.

நாணம் என்ற சொல்லையும் தவிர்க்கவும். 1011ஆம் குறள் இரண்டு நாணத்தைப் பிரிக்கிறது: செய்த செயலுக்காகக் கூசுவது ஒன்று, பெண்களின் வெட்கம் இன்னொன்று. முந்தியதைத்தான் அந்த அதிகாரம் முழுக்கப் போற்றுகிறது. இன்றைய தமிழில் பிந்தியதுதான் பிழைத்திருக்கிறது, கலியாண அல்பத்தில். முஸ்லிம் வாசகர்களை நினைத்து ‘ஹயா’ (வெட்கம், அடக்கம் என்பதற்கான அரபுச் சொல்) என்று யாராவது ஆலோசனை சொன்னால் அதுவும் வேண்டாம். ஹயா ஈமானின், அதாவது இறைநம்பிக்கையின், ஒரு பகுதி என்பது நபிமொழி. அது நற்குணம், போக்க வேண்டிய தடங்கல் இல்லை.

ஒரு கொசுறு. இன்னொருவர் மேடையில் உளறும்போது நமக்குக் கூசுகிறதே, அதற்குத் தமிழில் சொல் இல்லை என்று புலம்புகிறவர்களைப் பார்க்கலாம். 1015ஐப் பாருங்கள்: ‘பிறர்பழியும் தம்பழியும் நாணுவார்’. தம் பழிக்கு நாணுவது போலவே பிறர் பழிக்கும் நாணுகிறவர்களை நாணத்துக்கு உறைவிடம் என்று உலகம் சொல்லும். ஒற்றைச் சொல் இல்லாவிட்டாலும் உணர்ச்சி பதிவாகித்தான் இருக்கிறது.

கொழும்பு06:

எல்லாருக்கும் நன்றி. 2ஆம் வசனம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ‘சங்கடமான மௌனம்’ கதைகளில் வருகிறதே, அதை வைத்திருக்கலாமா? மற்றவற்றை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

1. நேர்முகப் பரீட்சையில் விண்ணப்பதாரரின் திருமணம், கர்ப்பம், சமயம், சாதி, குடும்ப வருமானம் பற்றிக் கேட்கக்கூடாது.
3. முதுகை வளைத்தோ, இடுப்பை முறுக்கியோ, கையை எட்ட நீட்டியோ பெட்டிகளைத் தூக்க வேண்டாம்.
4. சக ஊழியரின் பேச்சோ நடத்தையோ உங்களுக்கு விருப்பமில்லாததாக இருந்தால் முறையிடலாம். பாலியல் தொந்தரவு சட்டப்படி குற்றம்.
5. முறையிடுவதற்குக் கூச்சமாக இருந்தால் எழுத்தில் தரலாம்.

பிழைதிருத்தி:

கதையில் ‘சங்கடமான மௌனம்’ நிற்கும். அங்கே இரண்டு பேர் இருப்பார்கள், அவர்களுக்கு நடுவில் நடந்த ஏதோ ஒன்று வாசகருக்குத் தெரியும். கைநூலில் மௌனம் என்றதும் இரண்டு நிமிடம் எழுந்து நிற்கிற மௌனம்தான் நினைவுக்கு வரும். அதற்கு நடுவில் தலைவர் அடுத்த விடயத்துக்குப் போனால் மரியாதைக் குறைவு! நடப்பதை எழுதுங்கள்: ‘யாரும் பேச முன்வராமல் கூட்டம் தடைப்பட்டால் தலைவர் அடுத்த விடயத்துக்குச் செல்லலாம்.’ ‘செல்ல வேண்டும்’ என்பதையும் ‘செல்லலாம்’ ஆக்கியிருக்கிறேன், மூலத்தில் கட்டாயமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மும்மொழிமேசை:

5இல் ‘கூச்சமாக’ என்பதை ‘தயக்கமாக’ ஆக்குங்கள். மேலே சொன்ன ‘சுபாவம்’ பரீட்சையைப் போட்டாலே தெரியும், கூச்சம் ஆளுடைய குணம் மாதிரி விழுகிறது. முறையிடத் தயங்குகிறவர் கூச்ச சுபாவக்காரராக இருக்கத் தேவையில்லை. வேலை போய்விடும் என்று பயந்திருக்கலாம், மேலதிகாரியே எதிராளியாக இருக்கலாம். தயக்கம் என்ற சொல் காரணம் கேட்காது. அத்தோடு ‘நேரில்’ என்ற சொல்லும் விடுபட்டிருக்கிறது. எழுத்தில் தருவதும் முறையிடுவதுதானே. ‘நேரில் முறையிடத் தயக்கமாக இருந்தால் எழுத்தில் தரலாம்.’

கொழும்பு06:

‘நேரில்’ மூலத்திலேயே இருந்திருக்கிறது, வரைவில்தான் விழுந்துவிட்டது. 2இல் மூலம் ‘செல்லலாம்’ தான், கட்டாயம் இல்லை. இரண்டையும் மாற்றிவிட்டேன்.